மஞ்சளும் ஹெச்பிவியும்: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி உங்கள் கேள்விகள்

புற்றுநோய்ச் செல்களை வளர்த்து ஆராயும் வேலையில் இருப்பவள் நான். நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் இல்லை. அதனால் யாருடைய ரிப்போர்ட்டையும் பார்த்து மருந்து சொல்ல மாட்டேன். மஞ்சள், தேயிலை, அமுக்கரா இவற்றில் உள்ள பொருட்கள் இந்தப் புற்றுநோயை என்ன செய்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேடம், மஞ்சள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கொல்லும் என்று விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

பாதி உண்மை. மஞ்சளில் உள்ள குர்குமின் இந்தச் செல்களைச் சாகடிப்பதை நம் நாட்டு ஆய்வகங்களே காட்டியிருக்கின்றன. 2005-இல் நொய்டாவில் ஓர் ஆய்வு, 2006-இல் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் இன்னொன்று. இரண்டும் கவனமாகச் செய்த வேலைகள். ஆனால் அந்தச் செல்கள் இருந்தது பிளாஸ்டிக் தட்டில். வாட்ஸ்அப் செய்தி அந்த ஒரு விவரத்தை விட்டுவிடுகிறது.

நான் உயிரியல் மாணவி. குர்குமின் அந்தச் செல்லுக்குள் என்னதான் செய்கிறது, அக்கா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இந்தப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லோருக்கும் ஹெச்பிவி என்ற வைரஸால்தான் வருகிறது. சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம். வைரஸுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டதற்காகத்தான் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் செல்லுக்குள் ஈ6, ஈ7 என்று இரண்டு புரதங்களைச் செய்கிறது. நம் செல்லில் பி53 என்று ஒரு காவல் புரதம் உண்டு. டிஎன்ஏ கெட்டுப்போனால் செல்லை நிறுத்தும், முடியாவிட்டால் சாகச் சொல்லும். ஈ6 அந்த பி53-ஐப் பிடித்து, செல்லின் சொந்தக் கழிவு ஏற்பாட்டிடமே கொடுத்து அழித்துவிடுகிறது. பெருகுவதைக் கட்டுப்படுத்தும் ஆர்பி என்ற இன்னொரு புரதத்தை ஈ7 முடக்குகிறது.

பல புற்றுநோய்களில் பி53 மரபணுவே பழுதாகிப்போயிருக்கும். இங்கே பெரும்பாலும் அப்படி இல்லை, மரபணு நன்றாகவே இருக்கிறது. செல் பி53-ஐச் செய்துகொண்டே இருக்கிறது, வைரஸ் அழித்துக்கொண்டே இருக்கிறது. ஈ6 உற்பத்தியை நிறுத்திவிட்டால் பி53 தானாகத் தலைதூக்கும். இந்தப் புற்றுநோயில் தாவரப் பொருட்களைத் தேடுவதற்கு அர்த்தம் இருப்பது இதனால்தான். ஈ6, ஈ7 மரபணுக்களை ஓட வைக்க வைரஸுக்கு நம் செல்லின் ஏபி-1 என்ற புரதம் தேவை. குர்குமின் அந்த ஏபி-1-ஐத் தடுப்பதால் வைரஸ் மரபணுக்கள் அடங்குகின்றன. மரமஞ்சளில் உள்ள பெர்பெரினும் இதே வழியில் போகிறது. அமுக்கராவில் உள்ள விதஃபெரின் ஏ, ஈ6, ஈ7 இரண்டையும் குறைத்து பி53-ஐத் திரும்பக் கொண்டுவந்ததைக் காஸ்கி என்ற செல்வகையில் 2011-இல் காட்டினார்கள்.

நீ ஆய்வுக் கட்டுரை படிக்கும்போது எந்தச் செல் என்று முதலில் பார். ஆய்வகங்களில் வளர்க்கும் ஹீலா என்ற செல்வகையில் இருப்பது 18-ஆம் வகை ஹெச்பிவி, சிஹா, காஸ்கி என்ற இரண்டிலும் 16. சி33ஏ என்ற செல்வகையில் வைரஸே கிடையாது. நல்ல ஆய்வு வைரஸ் இல்லாத செல்லையும் சேர்த்துச் சோதித்திருக்கும். ஹீலா செல்கள் 1951-இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணிடமிருந்து அவர் சம்மதம் இல்லாமல் எடுக்கப்பட்டவை. அந்தப் பெயரை மறக்காமல் வேலை செய்ய வேண்டும் என்று என் மாணவர்களிடம் சொல்வேன்.

தட்டில் வேலை செய்வது உடம்பில் ஏன் செய்யாது?

தட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உள்ளங்கை அகலத் தட்டில் 96 குழிகள். ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் செல்கள். குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, அதனால் டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தில் கரைத்து நேராகச் செல் மேல் விடுகிறோம். ஒன்றிரண்டு நாள் கழித்து மஞ்சள் நிற எம்டிடி சாயம் சேர்த்தால் உயிரோடிருக்கும் செல்கள் அதை ஊதாவாக மாற்றும். ஊதா வெளிறிய குழியில் செல்கள் குறைந்துவிட்டன என்று கணக்கு. குர்குமினுக்கே அழுத்தமான மஞ்சள் நிறம் என்பதால், நன்றாகக் கழுவாவிட்டால் அளவீடே ஏமாற்றும்.

இப்படிச் செய்யும்போது பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோமோலார் (கரைசலில் ஒரு பொருளின் அடர்த்தியைச் சொல்லும் அலகு) வரை பயன்படுத்துகிறார்கள். 2001-இல் தைவானில் நோயாளிகளுக்குத் தினம் 8 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஏறியது சராசரியாக 2 மைக்ரோமோலாருக்கும் கீழே. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான் என்றால், 8 கிராமுக்குக் கால் கிலோவுக்கும் மேல் தூள் வேண்டும், அதுவும் தினமும். குடலும் ஈரலும் குர்குமினை உடனே மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. மிளகு சேர்த்தால் கூடுமே என்பீர்கள். கூடும். 1998-இல் பெங்களூரில் மிளகின் பைப்பரினைச் சேர்த்தபோது 20 மடங்கு ஏறியது. ஆனால் தனியாகச் சாப்பிட்டபோது ரத்தத்தில் இருந்ததே மிகச் சொற்பம்.

பெண்களிடம் நேரடியாகச் சோதித்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். கொல்கத்தாவில் ஹெச்பிவி தொற்று உள்ள, புற்றுநோய் இல்லாத பெண்களுக்குக் குர்குமினையும், குர்குமின் கலந்த பசந்த் என்ற மூலிகை கிரீமையும் உள்ளே வைத்துச் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். கிரீம் பயன்படுத்தியவர்களில் 87.7 சதவீதம் பேருக்குத் தொற்று மறைந்தது. குர்குமின் மட்டும் என்றால் 81.3. கேட்கவே பிரமாதமாக இருக்கிறது, இல்லையா? மருந்தில்லாத போலிக் கிரீமோ போலிக் கேப்ஸ்யூலோ பெற்றவர்களில் 73.3 சதவீதம் பேருக்கும் மறைந்துவிட்டது! ஹெச்பிவி பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே போய்விடும் வைரஸ். ஒப்பிட ஆளில்லாத எந்த மூலிகை வெற்றிக் கதையையும் நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். இந்தச் சோதனையில் கிரீமுக்கு உண்மையான வித்தியாசம் தெரிந்தது. குர்குமினுக்குக் கிடைத்ததைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு வலு இல்லை. இன்னும் பெரிய சோதனைகள் நடக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரையை நான்கு மாதம் கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனையில் போலி மாத்திரையைவிடப் பலன் கிடைக்கவில்லை. அதே தேயிலைச் சாற்றில் செய்த களிம்புக்குப் பிறப்புறுப்பு மருக்களுக்காக 2006-இல் அங்கே அனுமதி கிடைத்தது. அந்த மருக்களும் ஹெச்பிவியால் வருபவைதான், ஆனால் வேறு வகைகள்.

அப்போ மஞ்சளை அரைத்து உள்ளே தடவலாமா?

வேண்டவே வேண்டாம். புண்ணாகும், கிருமி சேரும், பரிசோதனையும் குழம்பும்.

அம்மாவுக்கு ரேடியேஷன் நடக்கிறது. கூடவே அமுக்கரா, குர்குமின் மாத்திரை கொடுக்கிறோம். சரியா?

உங்கள் பதைப்பு புரிகிறது. குழம்பில் போடும் மஞ்சளும் மிளகும் தாராளமாக இருக்கட்டும். மாத்திரை வேறு. பைப்பரின் கலந்த குர்குமின் மாத்திரைகளால் ஈரல் பாதித்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. பைப்பரின் மற்ற மருந்துகள் உடைவதையும் தாமதப்படுத்தும். எல்லா டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் அடுத்த முறை புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். மறைக்காதீர்கள். ஒரு நாள் ரேடியேஷனைக்கூடத் தவறவிடாதீர்கள்.

தாவரத்திலிருந்து மருந்தே வராது என்று நினைத்துவிட வேண்டாம். இந்த நோய் முற்றிய நிலையில் கொடுக்கும் பேக்ளிடாக்சல், பசிபிக் யூ மரப்பட்டையில் கண்டெடுத்தது. டோபோடெக்கான், சீன மரமொன்றின் காம்ப்டோதெசினிலிருந்து வந்தது. இரண்டும் சுத்தப்படுத்தி, அளவு கண்டு, நோயாளிகளிடம் சோதித்து வந்த மருந்துகள்.

ஹெச்பிவி பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. கணவர் மேல் சந்தேகமாக இருக்கிறது.

ரிப்போர்ட்டை வைத்து அவரையும் சந்தேகப்படாதீர்கள், உங்களையும் நொந்துகொள்ளாதீர்கள். இந்த வைரஸ் பல வருஷம் சத்தமில்லாமல் இருக்கும், எப்போது வந்தது என்று சொல்லவே முடியாது. மருத்துவர் சொன்ன தேதியில் மறுபரிசோதனைக்குப் போங்கள்.

வருமுன் தடுக்க என்ன செய்யலாம்?

பெண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி. புனேயில் தயாராகும் செர்வாவேக் 6, 11, 16, 18 வகைகளைத் தடுக்கிறது. ஏற்கெனவே வந்த தொற்றை ஊசி போக்காது.

30 வயதைத் தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள். செல்கள் மாறத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இந்த எளிய சோதனையைச் செய்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். சோதனை நடந்த பகுதிகளில் இந்த நோயால் சாவது 35 சதவீதம் குறைந்திருந்தது. மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், கூட அக்கா தங்கையையும் அழைத்துக்கொள்ளுங்கள்.