வெள்ளைக்கண்ணி: வந்த கேள்விகளும் என் பதில்களும்

மொரீஷியஸ் பறவைகளைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். முக்கால்வாசிக் கேள்விகள் வெள்ளைக்கண்ணியைப் பற்றியே வந்திருக்கின்றன. சரி, அதையே எடுத்துக்கொள்வோம்.

ரோஸ் ஹில் வாசகி: அக்கா, எங்கள் வீட்டுச் செம்பருத்திக்குக் காலையில் கூட்டமாக வரும் குட்டிக் குருவிதானே அழிந்துவருகிறது என்கிறார்களே, அந்தப் பறவை?

இல்லை, அம்மா. உங்கள் வீட்டுக்கு வருவது சாம்பல் வெள்ளைக்கண்ணி, நாம் பிக்-பிக் என்கிறோமே அதுதான். அதுவும் நம் தீவைத் தவிர வேறெங்கும் கிடையாது. ஆனால் கரும்புக்காடு, தோட்டம், பள்ளிக்கூட மரம் என்று எல்லா இடத்திலும் பிழைத்துக்கொள்ளும். பறக்கும்போது வாலுக்கு மேலே வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். பெயர்தான் வெள்ளைக்கண்ணி, கண்ணைச் சுற்றி வளையமே இருக்காது.

அழிவின் விளிம்பில் இருப்பது பச்சை வெள்ளைக்கண்ணி. மங்கிய ஆலிவ் நிறம், கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பால் வரைந்ததுபோல் ஒரு வளையம். அலகு நீண்டு கொஞ்சம் வளைந்திருக்கும், பூவுக்குள் விட்டுத் தேன் குடிக்க வசதி. உடம்பு பத்து சென்டிமீட்டர்தான். ஜோடியாக ஓர் எல்லையைப் பிடித்துக்கொண்டு இருக்கும். தென்மேற்கு மேட்டுக் காடுகளில், பிளாக் ரிவர் கோர்ஜஸ், பாசின் பிளாங் பக்கம்தான் வாசம். ரோஸ் ஹில்லுக்கு இறங்கி வராது. ரெயூனியனிலும் பச்சை ஒன்று உண்டு, அது தனி இனம்.

குவாத்ர் போர்ன் வாசகர்: படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள் அக்கா. பச்சையா?

பிக்-பிக். வெள்ளைத் திட்டு படத்திலேயே தெரிகிறது.

வக்வா, கல்லூரி மாணவர்: ஏன் இவ்வளவு குறைந்துபோனது?

1975-இல் சுமார் 350 ஜோடி இருந்ததாகக் கணக்கு. 2001-இல் எண்ணியபோது 150 ஜோடிக்கும் கீழே வந்துவிட்டது. 1970-களில் லே மார் மேட்டுக்காட்டை வெட்டிப் பைன் நட்டது பெரிய அடி. ஆனால் காடு மிஞ்சிய இடத்திலும் பறவை குறைகிறதே, அதற்குப் பதில் கூட்டில் இருக்கிறது. கிளை நுனியில் பாசியும் நாரும் சேர்த்துக் கட்டிய சின்னக் கிண்ணம், உள்ளே பெரும்பாலும் இரண்டு முட்டை. கருப்பெலி நன்றாக மரம் ஏறும். ராத்திரியில் அது வந்து முட்டையோ குஞ்சோ எது கிடைத்தாலும் தின்றுவிடும். எலி விட்டுவைத்ததைப் பகலில் குரங்கு பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் சீனக் கொய்யா. பிளேன் ஷாம்பாஞ்சுக்குப் போய்ப் பறித்து உப்பும் மிளகாயும் தொட்டுச் சாப்பிடுகிறோமே, அந்தப் புதர் அடர்ந்துவிட்டால் கீழே நாட்டு மரக்கன்று ஒன்றும் தலைதூக்காது. நாட்டு மரம் இல்லாவிட்டால் தேனுக்கு எங்கே போகும்? நீங்கள் எவ்வளவு பறித்துத் தின்றாலும் எனக்குச் சந்தோஷம்தான். விதையை மட்டும் காட்டில் துப்பாதீர்கள்.

சுயாக், ஓய்வுபெற்ற ஆசிரியர்: குரங்கு ஆஞ்சநேயர் அம்சம், எலி பிள்ளையார் வாகனம். ஒரு குருவிக்காக அவற்றைக் கொல்லச் சொல்கிறாயே மகளே, பாவமில்லையா?

ஐயா, குரங்கைக் கொல்லுங்கள் என்று நான் எங்கே சொன்னேன்? கங்கா தலாவ் ஏரிக் கோயிலில் குரங்குக்கு வாழைப்பழம் நீட்டாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அங்கே தின்று பெருகும் கூட்டம் பக்கத்துக் காட்டுக்குத்தான் போகும். எலி விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். உங்கள் வீட்டு அரிசி டின்னுக்குள் எலி புகுந்தால் வாகனம் என்று கும்பிடுவீர்களா?

வக்வா மாணவர்: குரங்கே 1600-களில் கப்பலில் வந்ததுதானே, ஐயா!

சுயாக் ஆசிரியர்: தம்பி, உன் கொள்ளுத்தாத்தாவும் கப்பலில் வந்தவர்தான். அவரையும் திருப்பி அனுப்பலாமா?

ரோஸ் ஹில் வாசகி: ஐயா கேட்டது நியாயம்!

நல்ல அடி, ஐயா. யார் முதலில் வந்தார்கள் என்று பட்டா பார்த்தால் இந்தத் தீவில் ஒருவரும் மிஞ்சமாட்டோம். நான் பார்ப்பது கூட்டை மட்டும்தான். மாஹேபூர் பக்கத்துக் கடலில் இருக்கும் எக்ரெத் தீவு வெறும் 26 ஹெக்டேர். அங்கே எலியை அடியோடு ஒழித்தபின் 2006 முதல் பச்சை வெள்ளைக்கண்ணியைக் கொண்டுபோய் விட்டார்கள். தேனுக்கு ஈடாகத் தீனியும் வைத்தார்கள். அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. எலி சுற்றும் காட்டில் அதே பறவை தேய்ந்துகொண்டே போகிறது. இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்?

சுயாக் ஆசிரியர்: எலியை விட்டுவிடுகிறேன். குரங்குக்குப் பழம் வைப்பதை என் மனைவி நிறுத்தமாட்டாள்.

அம்மாவிடம் நானே பேசுகிறேன்.

மாஹேபூர் வாசகர்: வகாஷியோ கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டியபோது அந்தத் தீவுப் பறவைகள் என்ன ஆயின?

கப்பல் 2020 ஜூலை 25-இல் புவான்த் தெஸ்னி பவளப்பாறையில் ஏறியது, ஆகஸ்ட் 6-இல் எண்ணெய் கசிந்தது. எக்ரெத் தீவிலிருந்து சில வெள்ளைக்கண்ணிகளையும் ஃபோடிக் குருவிகளையும் பிடித்து, பிளாக் ரிவரிலுள்ள வளர்ப்பு மையத்துக்கு மாற்றினார்கள். எல்லாப் பறவையையும் ஒரே இடத்தில் வைப்பது எவ்வளவு ஆபத்து என்று அன்றைக்கு உறைத்தது.

திரியோலே வாசகர்: கூண்டில் வளர்க்கலாமா?

கூடாது. சட்டப்படி குற்றம்.

போ பாசின் வாசகி: டோடோ பற்றியும் சொல்லுங்களேன்.

போர்ட் லூயிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள்.

ஃப்ளாக் வாசகர்: எங்கள் மாமரத்தில் பச்சை வெள்ளைக்கண்ணி...

பிக்-பிக். மேலே முதல் பதிலைப் படியுங்கள். மாமரம், கொய்யா மரம், எதிர்வீட்டு மரம், எல்லாவற்றுக்கும் அதே பதில்.

கியூர்பிப் வாசகர்: நேரில் பார்க்க வழி? கூவலைக் கைபேசியில் போட்டால் வருமாமே?

வரும், அதனால்தான் போடாதீர்கள். எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டது என்று நினைத்துக் கூட்டை விட்டுவிட்டு விரட்ட ஓடிவரும். அந்த நேரம் எலிக்கும் குரங்குக்கும் போதும். புவான்த் ஜெரோமிலிருந்து எக்ரெத் தீவுக்குப் படகு போகிறது, வழிகாட்டி கூடவே வருவார். முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.