சார்ட்டர் பள்ளிகளும் எஸ்ஸர் நிதியும்: கேட்டதும் சொன்னதும்

கொரோனா காலத்தில் பள்ளிகளுக்காக அமெரிக்க காங்கிரஸ் மூன்று முறை நிதி ஒதுக்கியது. 2020 மார்ச்சில் சுமார் 1,320 கோடி டாலர், அதே ஆண்டு டிசம்பரில் 5,430 கோடி, 2021 மார்ச்சில் ஏறக்குறைய 12,200 கோடி. பள்ளிக்கூட வட்டாரத்தில் இவற்றை எஸ்ஸர் ஒன்று, இரண்டு, மூன்று என்கிறார்கள். சார்ட்டர் பள்ளிகளில் (அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தில் நடக்கும் பள்ளிகள்) வேலை பார்க்கும் தமிழர்களும் ஆட்சிக்குழுக்களில் இருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, பல சார்ட்டர் பள்ளிகளின் ஃபெடரல் (மத்திய அரசு) நிதிக் கணக்குகளைக் கவனிக்கும் ஒருவர் 2021 ஆகஸ்டில் அளித்த பதில்கள் இவை; விதிகளும் தொகைகளும் கெடுகளும் அன்றைய நிலவரப்படி.

கேள்வி: வணக்கம் அக்கா. டெக்சாஸில் ஒரு சிறிய சார்ட்டர் பள்ளியின் ஆட்சிக்குழுவில் இருக்கிறேன். எஸ்ஸர் மூன்றுக்கு விண்ணப்பம் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் படும் சிரமத்தை உருக்கமாக எழுதினால் கூடுதலாகக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது தம்பி. இது போட்டி வைத்துக் கொடுக்கும் மானியம் அல்ல. மாநிலத்துக்கு வரும் தொகையில் குறைந்தது 90 சதவீதம், டைட்டில் ஒன் நிதியில் (ஏழைப் பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளிகளுக்கான ஃபெடரல் நிதி) யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்குப்படியே பிரிகிறது. டெக்சாஸில் சார்ட்டர் பள்ளி நிர்வாகமே ஒரு தனிப் பள்ளி மாவட்டத்துக்கு (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) சமம் என்பதால் உங்கள் தொகை ஏற்கெனவே முடிவாகிவிட்டது. மாநிலக் கல்வித்துறையின் பட்டியலில் பள்ளியின் பெயருக்கு நேரே அது இருக்கும்.

அப்படியானால் விண்ணப்பம் எதற்கு? அது ஒரு செலவுத் திட்டம், கூடவே ஓர் உறுதிமொழிப் பத்திரம். மூன்று ஆண்டு கழித்துத் தணிக்கையாளர் வந்து உட்காரும்போது அவர் கையில் இருக்கப்போகும் முதல் காகிதமும் அதுதான். அவருக்குப் புரியும்படி எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி டைட்டில் ஒன் நிதி வாங்குவதே இல்லை. வசதியான புறநகர். எங்களுக்கு ஒன்றுமே இல்லையா?

பதில்: கணக்குப்படி வரும் பங்கு இல்லை. ஆனால் மாநிலம் தன் கையில் 10 சதவீதம் வரை வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து உங்களைப் போன்ற பள்ளிகளுக்குக் கொடுக்கத் தடை இல்லை. மாநிலக் கல்வித்துறைக்கு எழுதிக் கேளுங்கள். கேட்காதவர்களைத் தேடி வந்து யாரும் கொடுப்பதில்லை.

கேள்வி: எங்கள் மாநிலத்தில் சார்ட்டர் பள்ளிகள் உள்ளூர்ப் பள்ளி மாவட்டத்தின் கீழ் வருகின்றன. மாவட்டம் எங்களுக்கு இவ்வளவு தந்தே ஆக வேண்டும் என்று ஃபெடரல் சட்டத்தில் இருக்கிறதா?

பதில்: பள்ளிவாரியாக இவ்வளவு என்று இந்தச் சட்டம் வரையறுக்கவில்லை. மாநிலச் சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், மாவட்டம் தன் செலவுத் திட்டத்தை எழுதும்போது பெற்றோர், ஆசிரியர், பள்ளித் தலைவர்கள் ஆகியோரின் கருத்தைக் கேட்டாக வேண்டும் அல்லவா, அந்தக் கூட்டத்துக்குப் போய் உங்கள் தேவையை எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: மேடம், எங்கள் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "காற்றோட்ட மேம்பாடு, 60,000 டாலர்" என்று ஒரு வரி எழுதியிருந்தோம். காற்றோட்டம் அனுமதிக்கப்பட்ட செலவுதானே?

பதில்: அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் அந்த வரியில் என்ன வாங்குகிறீர்கள், எத்தனை, எங்கே, எதற்கு என்ற எதுவுமே இல்லை. நான் எழுதியிருந்தால் இப்படி இருக்கும்: "கிழக்குக் கட்டடத்தில் ஜன்னல் திறக்க முடியாத 6 வகுப்பறைகளுக்கு வெளிக்காற்றை உள்ளிழுக்கும் சாதனங்கள், அறைக்கு 10,000 டாலர் வீதம், பொருத்தும் கூலி உட்பட, நேரடி வகுப்புகளில் தொற்றுப் பரவலைக் குறைக்க." அதே 60,000தான். ஆனால் படிக்கிறவருக்குக் கேள்வி எழாது. கொரோனாவைத் தடுக்க, எதிர்கொள்ள, அதற்கு ஆயத்தமாக என்ற மூன்றில் ஒன்றோடு ஒவ்வொரு வரியும் ஒட்ட வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். 2,000 டாலருக்கு மேல் கட்டட வேலை என்றால் டேவிஸ்-பேக்கன் சட்டப்படி அந்த வட்டாரத்தில் நிலவும் கூலியைத் தொழிலாளர்களுக்குக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்திலேயே அதை எழுதிவிடுங்கள். அடுத்து, கட்டடம் உங்களுடையதா, வாடகையா? சார்ட்டர் பள்ளிகளில் பெரும் தலைவலி இதுதான். வாடகை ஒப்பந்தம் இரண்டு ஆண்டில் முடிகிறது, சாதனம் பதினைந்து ஆண்டு உழைக்கும் என்றால் கட்டட உரிமையாளருக்கு ஃபெடரல் பணத்தில் சீர்வரிசை செய்ததாகிவிடும். ஒப்பந்தத்தை நீட்டித்த பிறகு செலவு செய்யுங்கள், அல்லது கையோடு எடுத்துப் போகக்கூடிய காற்றுச் சுத்திகரிப்பான்களை வாங்குங்கள்.

கேள்வி: ஏற்கெனவே இருக்கும் ஆசிரியர்களின் சம்பளத்தை இதிலிருந்து கொடுக்கலாமா? டைட்டில் ஒன் நிதியில் அப்படிச் செய்யக் கூடாது என்று பயமுறுத்தியே வளர்த்திருக்கிறார்கள்.

பதில்: கொடுக்கலாம். பழைய செலவை ஃபெடரல் பணத்துக்கு மாற்றக் கூடாது என்ற அந்த விதி எஸ்ஸரில் இல்லை. இருக்கும் ஊழியர்களைத் தொடர்ந்து வேலையில் வைத்திருப்பதும் அனுமதிக்கப்பட்ட செலவுகளில் ஒன்று என்று சட்டமே சொல்கிறது. ஆனால் சம்பளத்தில்தான் தணிக்கையில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஓர் ஆசிரியை 60 சதவீத நேரம் வழக்கமான வகுப்பும் 40 சதவீத நேரம் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சியும் நடத்தி, அந்த 40 சதவீதம் மட்டும் எஸ்ஸரில் போகிறது என்றால், அவர் உண்மையில் அப்படித்தான் வேலை செய்தார் என்பதற்குப் பதிவேடு வேண்டும். ஆண்டு முடிவில் ஒரே நாளில், ஒரே பேனாவில் பன்னிரண்டு மாதத்துக்கும் கையெழுத்துப் போடுவது பதிவேடு ஆகாது.

பிபிபி கடன் (கொரோனா காலத்தில் ஊழியர் சம்பளத்துக்காக அரசு ஏற்பாடு செய்த கடன்) வாங்கித் தள்ளுபடி பெற்ற பள்ளிகள் கவனியுங்கள். அந்தத் தள்ளுபடிக்குக் காட்டிய அதே சம்பளத்தை இங்கேயும் காட்டக் கூடாது.

என் சொந்தக் கருத்து ஒன்று. எஸ்ஸர் மூன்றின் பணத்தை இன்ன செலவுக்கு என்று உறுதிசெய்ய 2024 செப்டம்பர் 30 வரைதான் அவகாசம். இதை நம்பி நிரந்தரப் பணியிடம் உருவாக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. 2024 அக்டோபரில் அந்த ஆசிரியரை அழைத்து என்ன சொல்வார்கள்? பணி நியமன ஆணையிலேயே கால வரம்பை எழுதுங்கள்.

கேள்வி: 20 சதவீத விதி என்றால் என்ன?

பதில்: எஸ்ஸர் மூன்றில் உங்கள் பங்கில் குறைந்தது 20 சதவீதத்தைக் கற்றல் இழப்பை ஈடுகட்ட ஒதுக்க வேண்டும். கோடை வகுப்பு, பள்ளி நேரத்துக்குப் பிந்தைய வகுப்பு, தனிப்பயிற்சி போன்றவை. பலன் தரும் என்பதற்கு ஆய்வுச் சான்று உள்ள முறையாக இருக்க வேண்டும். விற்பனையாளரின் வண்ணக் கையேடு ஆய்வுச் சான்று அல்ல.

கேள்வி: பெற்றோர் கருத்துக் கேட்டோம், மூன்று பேர்தான் வந்தார்கள். அது போதுமா அக்கா?

பதில்: கூட்டத்தை எப்போது வைத்தீர்கள்? செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வைத்துவிட்டுப் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று எழுதும் பள்ளிகள் உண்டு. மாலையில் வையுங்கள், இணையவழியிலும் வையுங்கள், ஒரு பக்கக் கருத்துப் படிவத்தைப் பெற்றோர் வீட்டில் பேசும் மொழியில் அனுப்புங்கள். மாற்றுத்திறன் மாணவர்களின் பெற்றோரையும் ஆங்கிலம் கற்றுவரும் மாணவர்களின் பெற்றோரையும் தனியாகக் கேளுங்கள், விதி அவர்களைக் குறிப்பாகச் சொல்கிறது. யார் என்ன சொன்னார்கள், அதனால் திட்டத்தில் எது மாறியது என்று குறித்து வையுங்கள். இதோடு, பணம் கிடைத்த 30 நாளுக்குள் பள்ளி திறப்புத் திட்டத்தை இணையதளத்தில் போட வேண்டும்; ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

கேள்வி: எங்கள் பள்ளியை ஒரு மேலாண்மை நிறுவனம் நடத்துகிறது. விண்ணப்பம், கொள்முதல் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள்.

பதில்: தட்டச்சு செய்யட்டும், தவறில்லை. பணத்துக்குப் பொறுப்பு ஆட்சிக்குழு. நிறுவனம் தன் துணை நிறுவனத்திடமே கணினி வாங்கினால் பதில் சொல்லப்போவது நீங்கள். ஒரு கொள்முதல் 10,000 டாலரைத் தாண்டினால் பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்ட விலைப்புள்ளிகள் வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் ஒப்புதல் வேண்டும். சம்பந்தப்பட்டவர் வாக்களிக்காமல் விலகியதும் அதில் பதிவாக வேண்டும்.

கேள்வி: விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் பணம் மொத்தமாக வந்துவிடுமா?

பதில்: பெரும்பாலான மாநிலங்களில் நீங்கள் முதலில் செலவழித்து, ரசீதுடன் கேட்டால்தான் வரும். கையிருப்பு ஒன்றரை மாதச் சம்பளம்கூட இல்லாத பள்ளிக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஆகவே கோரிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை அனுப்பாமல் மாதாமாதம் அனுப்புங்கள். 2020 மார்ச் 13 முதல் செய்த தகுதியான செலவுகளையும் சேர்க்கலாம் என்பதால் பழைய ரசீதுகளைத் தேடி எடுங்கள்.

கேள்வி: கடைசியாக ஒன்று. எங்களுக்கு இதுவரை ஃபெடரல் தணிக்கை வந்ததே இல்லை. இனி வருமா?

பதில்: ஒரு நிதியாண்டில் எல்லா ஃபெடரல் பணமும் சேர்த்து 7,50,000 டாலர் அல்லது அதற்கு மேல் செலவழித்தால் வரும். மதிய உணவு நிதியும் அந்தக் கூட்டலில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இப்போதே கூட்டிப் பாருங்கள். தாண்டும் என்றால் இந்த வகைத் தணிக்கை செய்யத் தெரிந்தவரை இந்த ஆண்டே அமர்த்திவிடுங்கள், அடுத்த கோடையில் அவர்கள் யாருக்கும் நேரம் இருக்காது.