மகளின் இன்ஸ்டாகிராம்: போனைப் பிடுங்கும் முன் பிறந்த தேதியைப் பாருங்கள்

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். 13 வயது முடிந்துவிட்டது. என் பழைய போனில் இன்ஸ்டாகிராம் வைத்திருக்கிறாள். ஆறாம் வகுப்பிலேயே தோழி ஒருத்தி ஆரம்பித்துக் கொடுத்தாளாம். 'அக்கா' என்று பழகும் யாரோ ஒருவர், "டெலிகிராமுக்கு வா, அங்கே பேசலாம்" என்று கூப்பிட்டிருப்பதைத் தற்செயலாகப் பார்த்தேன். போனையே பிடுங்கிவிடலாம் என்கிறார் அவள் அப்பா. அவளுக்குத் தெரியாமல் எல்லா மெசேஜும் நமக்கு வருகிற மாதிரி ஒரு ஆப் போட்டுத் தருகிறேன் என்கிறான் என் அண்ணன். எதைச் செய்வது? — வாசகி, ஈரோடு.

பதில்: இரண்டுமே வேண்டாம். ஒரு பத்து நிமிடம் மகளோடு உட்கார்ந்து, அந்தக் கணக்கில் பிறந்த தேதி என்னவென்று இருக்கிறது என்று மட்டும் முதலில் பாருங்கள்.

இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்கக் குறைந்தபட்ச வயது 13. ஆறாம் வகுப்பில் உண்மையான வருடத்தைப் போட்டிருந்தால் கணக்கே திறந்திருக்காது. அந்த இடத்தில் பிள்ளைகள் 1998, 2000 என்று வாய்க்கு வந்த வருடத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். அப்படித்தான் நடந்திருக்கும் என்றால், இன்ஸ்டாகிராமின் கணக்கில் உங்கள் மகள் இருபத்தைந்தைத் தாண்டிய பெண். சிறார்களுக்கென்று வைத்திருக்கும் எந்தப் பாதுகாப்பும் அவளுக்குக் கிடைத்திருக்காது. முன்பின் தெரியாத 'அக்கா' நேராக மெசேஜ் பெட்டிக்குள் வந்து நிற்க முடிந்ததற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கலாம்.

18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கான 'டீன் அக்கவுண்ட்' முறை 2024 செப்டம்பரில் சில நாடுகளில் தொடங்கி, 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் வந்தது. அதில் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும். அவள் ஃபாலோ செய்பவர்களும் ஏற்கெனவே தொடர்பில் இருப்பவர்களும் மட்டுமே மெசேஜ் அனுப்ப முடியும். டி.எம்.மில் (தனி மெசேஜில்) வரும் நிர்வாணப் படங்கள் மங்கலாகத் தெரியும். ஒரு நாளில் 60 நிமிடம் ஆனதும் நினைவூட்டல் வரும். இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் ஒலிக்காது. 16 வயது ஆகாதவர்கள் இவற்றைத் தளர்த்த வேண்டுமென்றால் பெற்றோர் அனுமதி வேண்டும். இத்தனையும் அந்த ஒரு தேதியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

மாற்றும் வழி: புரொஃபைலில் மேலே மூன்று கோடு, அடுத்து அக்கவுண்ட்ஸ் சென்டர், பர்சனல் டீடெயில்ஸ், பர்த்டே. இங்கே ஒரு எச்சரிக்கை. தேதியைச் சில முறைதான் திருத்த விடுவார்கள். அவசரத்தில் வருடத்தைத் தவறாகப் போட்டு 13-க்குக் கீழே போய்விட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள். அந்த 'அக்கா'வோடு நடந்த உரையாடலும் அதோடு கைவிட்டுப் போகும். அதனால் முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகு தேதி.

ஸ்கிரீன்ஷாட் எடுப்பதிலும் பலர் கோட்டை விடுவார்கள். பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, அதை எளிதில் மாற்றிக்கொள்ளலாம். எதிராளியின் புரொஃபைலைத் திறந்து, மேலே இருக்கும் யூசர்நேம் தெரியும்படி ஒன்று எடுங்கள். மூன்று புள்ளியைத் தொட்டு 'அபவுட் திஸ் அக்கவுண்ட்' போனால், பெரும்பாலான கணக்குகளில் எந்த மாதம் தொடங்கியது, எந்த நாட்டிலிருந்து என்று இருக்கும். அதையும் ஒன்று எடுங்கள். "உங்க ஸ்கூல் சீனியர்" என்று சொல்லிக்கொள்ளும் கணக்கு போன மாதம் தொடங்கியதாக இருந்தால், மகளுக்கு அதற்கு மேல் விளக்கமே தேவைப்படாது. பிறகு மெசேஜ்களைத் தேதி தெரியும்படி மேலிருந்து கீழே வரிசையாக எடுத்துவிட்டு, ரிப்போர்ட், அதன்பின் பிளாக். யார் ரிப்போர்ட் செய்தார்கள் என்பது எதிராளிக்குத் தெரியாது. நீங்களோ அவள் அப்பாவோ "நீ யாருடா, போலீசுக்குப் போவேன்" என்று பதில் அனுப்பிவிடாதீர்கள். அடுத்த நிமிடமே அந்தக் கணக்கு மாயமாகிவிடும்.

"அவங்க நாலு பேருக்குத் தெரிஞ்சவங்கதான், மியூச்சுவல்ல இருக்காங்க" என்று மகள் சொல்லக்கூடும் (மியூச்சுவல் என்றால் இருவருக்கும் பொதுவான தொடர்பு). அது பொய் இல்லை, ஆனால் ஏமாற்றே அங்கேதான் இருக்கிறது. ஏமாற்ற வருகிறவர்கள், வகுப்பில் யார் எந்த ரிக்வெஸ்ட் வந்தாலும் ஏற்பார்களோ அந்த இரண்டு மூன்று பேரை முதலில் பிடிப்பார்கள். அடுத்து ரிக்வெஸ்ட் போகிற பிள்ளைக்கு அந்தத் தோழிகளின் பெயர்கள் கீழே தெரியும். தெரிந்தவர் என்று நினைத்து அதுவும் ஏற்கும். மியூச்சுவல் இருப்பதற்குப் பொருள், தோழியும் யாரென்று பார்க்காமல் ஏற்றுக்கொண்டாள் என்பது மட்டுமே. ஃபாலோயர் பட்டியலை இருவருமாக ஒருமுறை உருட்டிப் பாருங்கள். நேரில் பார்த்திராத ஒவ்வொருவரையும் நீக்கலாம். நீக்கியது அவர்களுக்கு அறிவிப்பாகப் போகாது.

டெலிகிராமுக்கு ஏன் கூப்பிடுகிறார்கள்? இன்ஸ்டாகிராம் போடும் சிறார் தடைகள் எதுவும் அங்கே கூடவே வராது. போன் நம்பரைக் காட்டாமல் யூசர்நேமை மட்டும் வைத்துப் பேசலாம். முக்கியமாக, மொத்த உரையாடலையும் இரண்டு பக்கத்திலும் ஒரே தட்டில் அழித்துவிடலாம். பேச்சு ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அந்த இடத்தைத்தான் மகள் அடையாளம் கண்டுகொள்ளப் பழக வேண்டும். பாராட்டு, பரிசு, ரகசியம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். இடம் மாறக் கூப்பிடுவது ஏறக்குறைய எப்போதும் இருக்கும்.

பயோவையும் (புரொஃபைலில் தன்னைப் பற்றி எழுதும் வரிகளையும்) பாருங்கள். பள்ளியின் பெயர், '8-ஏ', பிறந்தநாள் மூன்றும் சேர்ந்து இருந்தால் நேரில் தேடி வர அதுவே போதும். சீருடை பேட்ஜ், டியூஷன் வாசல், வீட்டு முன் நிற்கும் வண்டியின் நம்பர் எல்லாம் படத்தில் விழுந்திருக்கும். (மதிப்பெண் பட்டியலையும் பள்ளி அடையாள அட்டையையும் பெருமையோடு ஸ்டேட்டஸில் போடுவது பெரும்பாலும் நாம்தான் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.)

தேதி சரியானதும் உங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கிலிருந்து ஃபேமிலி சென்டர் போய், மகளுக்கு 'சூப்பர்விஷன்' அழைப்பு அனுப்புங்கள். அவள் ஏற்றால்தான் வேலை செய்யும். எவ்வளவு நேரம் செலவிடுகிறாள், யார் யாரை ஃபாலோ செய்கிறாள், கடந்த ஏழு நாளில் யாரோடு மெசேஜில் பேசினாள் என்பது உங்களுக்குத் தெரியும். என்ன பேசினாள் என்பது தெரியாது. பதிமூன்று வயதுக்கு இந்த அளவு சரியானது என்றே நாங்கள் கருதுகிறோம். ஒன்று மட்டும்: சூப்பர்விஷன் அவள் சேர்க்கும் கணக்குக்குத்தான். இரண்டாவதாக ஒரு 'ஸ்பாம் அக்கவுண்ட்' (நெருங்கிய தோழிகளுக்கு மட்டும் வைத்திருக்கும் மறைவான கணக்கு) இருக்கிறதா என்று கேளுங்கள். புரொஃபைலில் மேலே யூசர்நேமைத் தொட்டால் அந்த போனில் இருக்கும் மற்றக் கணக்குகளும் வரிசையாக வரும்.

அண்ணன் சொல்லும் ஆப் விஷயம். இந்த வகை ஆப்களில் பெரும்பாலானவை பிளே ஸ்டோரில் கிடைக்காது, ஏ.பி.கே. கோப்பாக (பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து ஆப்பை நிறுவும் கோப்பு) இறக்கி, தீங்கான ஆப்பைத் தடுக்கும் பிளே புரொடெக்டை அணைத்து, திரையைப் படிக்க விடும் அக்சஸபிலிட்டி அனுமதி கொடுக்கச் சொல்வார்கள். திரையில் தெரிவதையும் தட்டச்சு செய்வதையும் யாரென்றே தெரியாத ஒரு நிறுவனத்தின் சர்வருக்கு நாமே அனுப்பி வைக்கும் வேலை அது. அவள் கண்டுபிடித்தாள் என்றால், அடுத்த முறை ஏதாவது நடந்தால் உங்களிடம் வர மாட்டாள். போனைப் பிடுங்குவதிலும் இதே சிக்கல்தான். சொன்னால் போன் போய்விடும் என்று தெரிந்த பிள்ளை சொல்லாது. மிரட்டுகிறவர்களுக்கும் அது தெரியும். "அம்மாகிட்ட சொன்னா உன் போனைத்தான் வாங்குவாங்க" என்பதே அவர்களுக்கு ஆயுதம்.

பழைய போன் என்றீர்கள். அதில் இன்னும் உங்கள் ஜிமெயில்தான் இருக்கிறதா? அப்படியானால் பிளே ஸ்டோருக்கும் யூடியூபுக்கும் அவள் ஒரு பெரியவர். அதை எடுத்துவிட்டு, உண்மையான பிறந்த தேதியோடு அவளுக்கென்று ஒரு கூகுள் கணக்கு தொடங்கி, கூகுள் ஃபேமிலி லிங்கில் சேருங்கள். புதிய ஆப் எதுவும் உங்கள் ஒப்புதல் இல்லாமல் இறங்காதபடி வைக்கலாம். வாட்ஸ்அப்பில் பிரைவசி, குரூப்ஸ் போய் 'மை கான்டாக்ட்ஸ்' ஆக்கிவிட்டால் தெரியாதவர் யாரும் அவளைக் குழுவில் சேர்க்க முடியாது. நேரக் கட்டுப்பாட்டுக்கு, இரவில் போன் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும், உங்களுடையதும் சேர்த்துத்தான்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். குரலை உயர்த்தாமல் கேளுங்கள். படம் எதுவும் அனுப்பியிருக்கிறாளா? ஆம் என்றால், பணம் கொடுக்க வேண்டாம், இன்னொரு படம் கேட்டாலும் வேண்டாம். கொடுத்தால் நிறுத்த மாட்டார்கள், இன்னும் கேட்பார்கள். படத்தை உடனே அழித்துவிடாதீர்கள். அமெரிக்காவின் காணாமல் போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்தும் 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படத்துக்கு, அந்த போனிலேயே படத்தை அடையாளம் காட்டும் ஓர் எண் முத்திரை உருவாக்கி, அதை மட்டும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற தளங்களுக்குத் தரும். படம் போனைவிட்டு வெளியே போகாது, பெயரும் கேட்க மாட்டார்கள். முத்திரை உருவாக்க மூலப்படம் கையில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் போல என்கிரிப்ட் ஆன (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாத) இடங்களில் இது பலிக்காது.

அந்தப் படத்தை "ஆதாரத்துக்கு" என்று அண்ணனுக்கோ வக்கீலுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது. சிறாரின் அந்தரங்கப் படத்தைப் பகிர்வது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் குற்றம். பெற்றோருக்கென்று அதில் விலக்கு இல்லை. மிரட்டல் மெசேஜைப் படம் தெரியாமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், போனை அப்படியே போலீசிடம் காட்டுங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பிரிவில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். ஆனால் புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று பின்தொடர வேண்டுமானால் பெயரோடு பதிவதே நல்லது. மகள் உடைந்துபோயிருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. ஸ்டேஷனுக்கு அவளை இழுத்துக்கொண்டு போக வேண்டுமே என்று தயங்க வேண்டாம்: 2012-ஆம் ஆண்டின் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டப்படி அவள் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம், கூடுமானவரை பெண் உதவி ஆய்வாளர், சீருடை இல்லாமல். புகாரில் "என் மகள் தெரியாமல் தப்பு செய்துவிட்டாள்" என்று ஆரம்பிக்காதீர்கள். எந்தத் தேதியில், எந்த யூசர்நேமிலிருந்து, என்ன கேட்டார்கள் என்று மட்டும் வரிசையாக எழுதுங்கள்.