பழைய பதிவேடுகள் கல்லூரி வாசலைத் தாண்டக் கூடாது

கேள்வி: திருச்சபை நடத்தும் எங்கள் சிறிய கலைக் கல்லூரிக்கு நூற்றாண்டு நெருங்குகிறது. ஸ்டோர் ரூமில் சேர்க்கைப் பதிவேடுகள், ஆட்சிக்குழு மினிட்ஸ் புத்தகங்கள், மாணவர் மலர்கள், புகைப்படங்கள் குவிந்து கிடக்கின்றன. அனைத்தையும் எடுத்துச் சென்று ஸ்கேன் செய்து ஹார்டு டிஸ்க்கில் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் மூலப் பதிவேடு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. மொத்தத் தொகை பேசி எடுத்துச் செல்பவர்களில் பலர், வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காகப் பைண்டிங்கை அறுத்துத் தாள்களைத் தனித்தனியாக இயந்திரத்தில் விடுகிறார்கள். திரும்பி வருவது வரிசை குலைந்த தாள் கட்டும், எது எந்த ஆண்டுக்குரியது என்று தெரியாத கோப்புகளும்தான். சில வேளைகளில் தாள் கட்டும் வருவதில்லை; பழைய கையெழுத்துகளுக்கும் அஞ்சல்தலைகளுக்கும் விலை கொடுப்பவர்களிடம் போய்விடுகிறது. நூற்றாண்டு மலர் அச்சிடுபவரிடமும் படங்களின் நகலை மட்டுமே கொடுங்கள்.

மிஷனரிகள் தாய்ச் சங்கத்துக்கு எழுதிய கடிதங்கள் பத்திரமாகவே இருக்கின்றன. அமெரிக்கன் போர்டு என்ற மிஷனரிச் சங்கத்தின் கடிதங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்திலும், இங்கிலாந்தின் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) சங்கத்தினுடையவை பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. ஆனால் அவை ஆதரவாளர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 1823-இல் தொடங்கி 1855-இல் மூடப்பட்ட, யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் நடத்திய வட்டுக்கோட்டை செமினரியைப் பற்றி எழுத வருபவர் இன்றும் இத்தகைய மிஷன் கடிதங்களைப் பெரிதும் சார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. எந்த ஊர்ப் பையன், தகப்பனார் என்ன தொழில் செய்தார், கல்விக் கட்டணச் சலுகை கிடைத்ததா, ஏன் பாதியில் நின்றான் என்பதெல்லாம் உங்கள் சேர்க்கைப் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில், எழுத்தர் கிறுக்கிய குறிப்பில்தான் கிடைக்கும். அதற்கு வேறெங்கும் நகல் கிடையாது.

ஆகவே முதலில் பட்டியல் எழுதுங்கள். ஸ்கேன் அதற்குப் பிறகுதான். எந்த அலமாரி, எந்தத் தட்டு, என்ன நூல், எந்த ஆண்டு என்று ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் எழுதினாலே போதும். பதிவேடுகளைக் காடாத் துணியில் சுற்றி, சுவரையும் தரையையும் ஒட்டாத இரும்பு அலமாரியில் வையுங்கள். கிழிந்த தாளில் செலோ டேப் ஒட்டாதீர்கள். எவர் சொன்னாலும் லேமினேஷன் செய்யாதீர்கள், அது தாளைக் காப்பாற்றாது, பிரிக்கவும் முடியாது. ஸ்கேன் செய்பவர் கருவியோடு உங்கள் அறைக்கு வரட்டும். ஒரு நகல் வேறு ஊரில் இருக்கட்டும்.

வாசல் தாண்டலாம் என்று நான் ஒப்புக்கொள்வது ஒன்றே ஒன்றை: பழைய பிலிம் நெகட்டிவ். பெட்டியைத் திறந்ததும் புளித்த காடி வாடை அடித்தால் அந்தப் பிலிம் சிதைந்துகொண்டிருக்கிறது. அதிலிருந்து வரும் ஆவி பக்கத்துப் பிலிம்களையும் கெடுக்கும். அதை உடனே பிரித்து, காற்றோட்டமுள்ள காகித உறையில் இட்டு, வளாகத்தில் வசதி இல்லையென்றால் உங்கள் ஆள் ஒருவர் கூடவே சென்று நகலெடுத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கண்ணாடித் தகட்டு நெகட்டிவுக்கும் அச்சிட்ட புகைப்படத்துக்கும் இந்தச் சலுகை இல்லை.

தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்றால் நம் கல்லூரிகள் வெள்ளையடித்து, ஸ்டோர் ரூமைக் காலி செய்து, நூறாண்டுத் தாளைப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடுகின்றன. இதைக் கேட்கும் போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது. புதிய முதல்வர் வந்தால் அறையும் மாறிவிடுகிறது. எனவே வாய்மொழி அனுமதியை நம்பாமல், தாளாளரின் எழுத்துமூல அனுமதியின்றி எந்தப் பதிவேட்டையும் அகற்றக் கூடாது என்று ஆட்சிக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, மினிட்ஸில் பதியச் செய்யுங்கள்.