எளிய பேச்சும் மருத்துவரின் மதிப்பும்

மதிப்பிற்குரிய ஐயா,

அரசு மருத்துவமனை ஒன்றில் காசநோய்ப் பிரிவில் பணிபுரியும் இளம் மருத்துவர் நான். நோயாளிகளிடம் அவர்கள் பேசும் தமிழிலேயே நோயையும் மருந்தையும் விளக்குகிறேன். அப்படிப் பேசினால் டாக்டர் என்ற மதிப்பும் போய்விடும், துல்லியமும் போய்விடும் என்கிறார் மூத்த மருத்துவர் ஒருவர். அவர் சொல்வது சரிதானா?

கே.

அன்புள்ள டாக்டர் கே.,

மதிப்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. குணமாகிப் போகிறவர் உங்களை மறக்கமாட்டார். துல்லியம் பற்றிய ஐயத்துக்குத்தான் விரிவான பதில் தேவை.

1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து உட்கொள்பவர்களும் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் தங்கியிருப்பவர்களுக்கு ஏறக்குறைய நிகராகக் குணமடைகிறார்கள் என்ற முடிவை 1959இல் வெளியிட்டது. உலகெங்கும் காசநோய் சிகிச்சை வீட்டுக்கு இடம்பெயர்ந்ததில் அந்த ஆய்வுக்குப் பெரும்பங்கு உண்டு. இன்று வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். அத்தனை நாளும் நோயாளி தன் வீட்டில், பெரும்பாலும் நீங்கள் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டுதான் மாத்திரை சாப்பிடப் போகிறார்.

காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மாத்திரையையே எடுத்துக்காட்டாகக் கொள்ளுங்கள். "சிறுநீரில் நிறமாற்றம் ஏற்படலாம், அது இம்மருந்தின் தீங்கற்ற விளைவு" என்பது பாடநூலின்படி சரியான வாக்கியம். அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனவர், மறுநாள் காலையில் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக் கண்டு இரத்தம் என்று அஞ்சி மாத்திரையை நிறுத்திவிடலாம். "ஒன்னுக்கு ஆரஞ்சு கலர்ல போகும், அது மாத்திரையோட நிறம், ரத்தம் இல்ல, நிறுத்திடாதீங்க. ஆனா கண்ணு மஞ்சளாச்சுன்னாலோ வாந்தி நிக்கலைன்னாலோ அன்னைக்கே இங்க வந்துடுங்க" என்று நீங்கள் சொன்னால், அஞ்ச வேண்டாதது எது, உடனே ஓடிவர வேண்டியது எது என்பது அவருக்குப் பிரிந்து தெரிகிறது. இரண்டில் எது துல்லியமானது என்று உங்கள் மூத்தவரிடமே கேட்கலாம். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று, உடம்பு தேறி, இனி மாத்திரை எதற்கு என்று தோன்றும் நாளைப் பற்றியும் முதல் நாளே இதேபோலச் சொல்லிவிட வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். எளிமை என்ற பெயரில் "சளி கட்டியிருக்கு" என்று பூசி மெழுகிவிடக் கூடாது. டி.பி. என்றால் டி.பி. என்றே சொல்லவேண்டும். சக மருத்துவர்களிடமும் கேஸ் ஷீட்டிலும் கலைச்சொற்கள் இருக்கட்டும். அவை அங்கே வேண்டியவையே.

"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். டாக்டரிடம் புரியவில்லை என்று சொல்லும் துணிவு நம் ஊரில் அநேகருக்கு இல்லை. "நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும், வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க" என்று கேட்டால், விட்டுப்போனது எது என்பது அவர் வாயாலேயே வந்துவிடும். புற நோயாளிகள் வரிசை எவ்வளவு நீண்டாலும் இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். கூட வந்த மனைவியோ மகளோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், அவரையும் உள்ளே அழைத்துக் கேட்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான்.