பரணிலிருந்து இறங்கிய இசைத்தட்டுகள்

கேள்வி: அப்பா சேர்த்து வைத்த 40 இசைத்தட்டுகள் 20 வருடமாகப் பரணில் கிடந்தன. எடுத்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா, முதலில் தட்டுகளை இரண்டாகப் பிரியுங்கள். லேபிளில் 78 (நிமிடத்துக்கு 78 சுற்று) என்று போட்டிருந்து, கையில் கனத்தால், அது பெரும்பாலும் அரக்குத் தட்டு. கொஞ்சம்கூட வளையாது, கீழே விழுந்தால் உடையும். 33, 45 சுழற்சித் தட்டுகள் வினைல், லேசாக வளையும். அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். எங்கள் அப்பா மைக் செட் வைத்திருந்தார். 16 வயதில் அவருடைய 78 ஒன்றை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, தட்டின் பளபளப்பு போனது. அப்புறம் அதில் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்டது. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. தட்டை வாங்கி உறையில் போட்டு வைத்தார். அந்த வலி எனக்கு இன்னும் இருக்கிறது.

துடைக்கும் முன் ஒரு தட்டைக்கூடப் போட்டுக் கேட்காதீர்கள். ஊசி அந்த அழுக்கை வரிப்பள்ளத்துக்குள் வைத்து அரைத்துவிடும். மூக்கை மூடிக்கொண்டு, வாசலில் வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் பூஞ்சையைத் தள்ளுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டே சொட்டு. போர் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் உப்பு பள்ளத்தில் தங்கும். மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து, வரி ஓடும் வட்டத்திலேயே துடையுங்கள், குறுக்கே இழுக்க வேண்டாம். லேபிளில் ஈரம் படக்கூடாது. வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை துடைத்து, தட்டு ஸ்டாண்டில் நிற்க வைத்து நிழலில் காய விடுங்கள். வெயிலில் வைத்தால் வினைல் நெளிந்துவிடும். அரக்குத் தட்டுக்கும் இதே முறைதான், ஆனால் ஊறவிடாமல் சட்டென்று முடித்து உடனே ஒற்றி எடுங்கள்.

பூஞ்சை போகாத வினைலுக்கு மட்டும் ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு நாலு பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்துகொள்ளலாம். கீறல் எதனாலும் போகாது.

பழைய உள்ளுறைகளில் தட்டைத் திரும்பப் போடாதீர்கள், பூஞ்சை அந்தக் காகிதத்தில்தான் குடியிருக்கிறது. புது உறை வாங்கி, தட்டுகளை அடுக்காமல் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். உள்ளுறையில் அப்பாவின் கையெழுத்து இருந்தால், அந்த உறையை நன்றாகக் காயவைத்துத் தனிக் கவரில் பத்திரப்படுத்துங்கள். 78-ஐ எல்.பி. (33 சுழற்சி வினைல்) ஊசியில் போட வேண்டாம், அதற்கென்று அகலமான ஊசி வேறு உண்டு.