கோஸ்டா பிளாங்காவில் அந்த நெருக்கடி வருடங்கள்: கேள்வி பதில்

2006 முதல் 2014 வரை ஸ்பெயினின் கோஸ்டா பிளாங்கா கடற்கரையில் இருக்கும் டோரெவியேஹா ஊரில் ஒரு ஹெஸ்தோரியாவில் வேலை பார்த்தேன். வரி, வசிப்புப் பதிவு, வீட்டுப் பத்திரம் என்று வெளிநாட்டுக்காரர்களின் காகித வேலையைப் பார்த்துக்கொடுக்கும் அலுவலகம் அது. வந்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனிலிருந்து கடலும் வெயிலும் தேடி வந்த ஓய்வூதியக்காரர்கள். 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அவர்கள் பட்ட பாட்டைப் பற்றித்தான் பலரும் கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: அக்கா, ஓய்வூதியம் பிரிட்டனிலிருந்துதானே வருகிறது? ஸ்பெயினில் வேலை போனால் அவர்களுக்கு என்ன?

பணம் வந்தது தம்பி, பவுண்டில் வந்தது. செலவு யூரோவில். 2007 தொடக்கத்தில் ஒரு பவுண்டுக்கு ஒன்றரை யூரோ கிடைத்தது, 2008 டிசம்பர் கடைசியில் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று. மாதம் 600 பவுண்டு வாங்கியவர் கையில் 900 யூரோ இருந்த இடத்தில் 620 கூட இல்லை, ஆனால் மின்கட்டணம், குடியிருப்புப் பராமரிப்புக் கட்டணம், வீட்டு வரி எதுவும் குறையவில்லை. வங்கிச் சீட்டை நீட்டி "இதில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்ட ஒரு வயதான அம்மாவை இன்னும் மறக்க முடியவில்லை. தப்பு எதுவும் இல்லை என்று சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கேள்வி: வீட்டை விற்றுவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கலாமே?

விற்கத்தான் எல்லோரும் பார்த்தார்கள், வாங்க ஆள் வேண்டுமே. ஊர் முழுக்கப் பாதியில் நின்ற கட்டடங்கள். நீங்கள் விலையைக் குறைத்தால் எதிர்வீட்டுக்காரர் இன்னும் குறைப்பார், அதே தெருவில் வங்கி தான் கைப்பற்றிய வீட்டை அதைவிட மலிவாக, முழுக் கடனும் தருகிறோம் என்று சொல்லி விற்கும். அதோடு எப்படிப் போட்டி போடுவது?

கடன் இருந்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். சாவியை வங்கியில் கொடுத்துவிட்டால் கணக்கு தீர்ந்தது என்று நம்பிச் சிலர் விமானம் ஏறினார்கள். ஸ்பெயின் சட்டத்தில் பொதுவாக அப்படித் தீராது. வீட்டை ஏலம் விட்டு வந்த தொகை போக மிச்சக் கடன், வட்டி, வழக்குச் செலவு எல்லாம் கடன் வாங்கியவர் தலையில்தான். 2012 மார்ச்சில் வந்த சட்டம் வீட்டைக் கொடுத்துக் கடனை முடிக்க ஒரு வழி திறந்தது, ஆனால் வீட்டில் யாருக்கும் வேலை வருமானம் இல்லாத, மிகவும் நொடித்துப்போன குடும்பங்களுக்கு மட்டும்.

கடன் இல்லாதவர்களும் மாட்டிக்கொண்டார்கள். பிரிட்டனில் இருந்த வீட்டை விற்றுத்தானே இங்கே வாங்கினார்கள். பவுண்டு விழுந்ததால் யூரோவை மாற்றும்போது கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் வீட்டையே பாதி விலைக்குத் தள்ளிவிட்டால் அது எந்த மூலைக்கு? அப்புறம், வருமானம் குறைந்த முதியோருக்கு பிரிட்டன் கொடுக்கும் பென்ஷன் கிரெடிட், வெளிநாட்டில் குடியிருப்பவருக்குக் கிடையாது. திரும்பிப் போனால்தான் உதவி, போவதற்கோ காசில்லை.

கேள்வி: வேலை செய்யும் வயதில் இருந்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

நீச்சல்குளம் சுத்தம் செய்கிறவர், பார் நடத்துகிறவர், வீட்டுத் தரகர் என்று பலரும் சக வெளிநாட்டுக்காரர்களை நம்பித்தான் பிழைத்தார்கள். அவர்கள் கை சுருங்கியதும் இவர்கள் பிழைப்பு போயிற்று. ரொக்கமாகக் கூலி வாங்கிக்கொண்டு சமூகப் பாதுகாப்பில் பணம் கட்டாமல் இருந்தவர்களுக்கு வேலையில்லாப் படியும் இல்லை. 2013 தொடக்கத்தில் ஸ்பெயினில் வேலை செய்யத் தயாராக இருந்த நூறு பேரில் 26 பேருக்கு மேல் வேலை இல்லை, அதில் மொழி தெரியாத வெளிநாட்டுக்காரரை யார் எடுப்பார்கள்?

கேள்வி: அந்த நேரத்தில் மலிவாக வாங்கியவர்கள் அதிர்ஷ்டசாலிகள்தானே?

பத்திரம் சரியாக இருந்தால். 2008 ஜனவரியில் அல்மேரியா மாகாணத்து வேராவில், ஓய்வுபெற்ற ஒரு பிரிட்டிஷ் தம்பதியின் வீட்டைக் கட்டட அனுமதி செல்லாது என்று இடித்தே போட்டார்கள். நகராட்சி கொடுத்த அனுமதியை நம்பிக் கட்டிய வீடு அது. கட்டி முடிக்காத வீட்டுக்கு முன்பணம் கட்டி ஏமாந்தவர்கள் தனி. அந்தப் பணத்துக்கு உத்தரவாதம் வேண்டும் என்று 1968லேயே சட்டம் இருந்தும், வங்கிகளும் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2015 டிசம்பரில்தான். அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

கேள்வி: அக்கா, லண்டனில் இருக்கும் என் அப்பா அம்மா வீட்டை விற்றுவிட்டு அங்கே போக ஆசைப்படுகிறார்கள். என்ன சொல்லட்டும்?

முதலில் வீட்டை விற்க வேண்டாம், வாடகைக்கு விடட்டும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். அதற்கு மேல் என்றால் விசா, அதற்கு வருமானம் காட்ட வேண்டும், 2024 கணக்குப்படி ஒருவருக்கு வருடம் 28,800 யூரோ, துணைவருக்குத் தனியாக இன்னும் கொஞ்சம்.

ஆகவே ஒரு குளிர்காலம் வாடகை வீட்டில் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். ஜனவரியில் அந்த டைல்ஸ் தரை வீடுகள் உள்ளே எப்படிச் சில்லிடும், பாதிக் கடைகள் எப்படி மூடிக் கிடக்கும் என்று ஆகஸ்டில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியாது. இன்னொன்றும் கேளுங்கள், இரண்டு பேரில் ஒருவர் முதலில் போனால் மற்றவர் அங்கே யாரோடு பேசுவார்? அப்பா மட்டும் ஸ்பானிஷ் பேசி, கார் ஓட்டி, வங்கிக்குப் போகிறவர் என்றால், அம்மாவும் அதையெல்லாம் போகும் முன்பே கற்றுக்கொள்ளட்டும். கணவர் இறந்த மறுவாரம் கணக்கு முடங்கி, பூட்டிய காரை வாசலில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்த பெண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.